தாழியின் முன்னால் நின்ற பகல்

மதினி,

இன்று காலை பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்யலாம் என்று திறந்தேன். ஒரு வாரம் பெய்த மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள். பட்டுச்சேலை மடிப்புகளுக்குள் போட்டுவைத்த அந்துருண்டைகள் கரைந்து பட்டாணி அளவுக்கு வந்திருந்தன. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் சேலை நினைவு வரவில்லை, கல்யாணங்கள் நினைவு வரவில்லை. எழும்பூரில் நீங்களும் நானும் அண்ணனும் அண்ணாந்து பார்த்தபடி நுழைந்த அந்த உயரமான கூடம்தான் வந்தது. அங்கேயும் இதே வாசம்தான். கொஞ்சம் பழைய மரம், கொஞ்சம் ஸ்பிரிட்டு, நிறைய அந்துருண்டை. பீரோ கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு, “மதினி, இங்க வந்து மோந்து பாருங்களேன்” என்று சொல்லியிருப்பேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எழுபத்தொன்பதா எண்பதா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தேனியெல்லாம் அப்போது மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. எங்கள் சித்தப்பா மகனுக்கு மெட்ராசில் கல்யாணம். என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்க் கடையில் சரக்கு வந்து குவியும் காலம், அவரால் வர முடியவில்லை. பையன்களை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் உங்களோடும் அண்ணனோடும் தொற்றிக்கொண்டேன். நீங்கள் வரமாட்டேன் என்றுதான் சொன்னீர்கள். “நான் எதுக்கு ஆத்தா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றீர்கள். உங்கள் சேலைகளை நானே எடுத்துப் பெட்டியில் வைத்தேன். நீங்கள் தடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில் நீங்கள் எதையும் தடுப்பதும் இல்லை, எதையும் கேட்பதும் இல்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அதை நாம் ஒரு தடவைகூட முதலிலிருந்து கடைசிவரை பேசியதில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அதற்குச் சில வருசங்களுக்கு முன்னால் நீங்கள் மேலே, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடொன்றில், குடியிருந்தீர்கள். அண்ணன் ஜீப்பு ஓட்டினார். விடிகாலையில் கீழே இறங்கி, போடியிலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். உங்கள் மகள் பவுனுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஜீப்புச் சத்தம் கேட்டால் லயத்து வாசலுக்கு ஓடிவந்து “ஆரன் அடி, ஆரன் அடி” என்று குதிப்பாள். அந்த வருசத்து ஆடி மழையில் மலைப்பாதை சரிந்தது. சரிவுக்குக் கீழே அண்ணனும் ஜீப்பும், மேலே நீங்களும் காய்ச்சலில் கிடந்த பிள்ளையும். மழை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கப் பாதை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கம்பவுண்டர் வந்து கொடுத்த மருந்தும் பலிக்கவில்லை. உங்கள் சேலையைக் கிழித்துச் சுற்றி, கங்காணியும் நாலு ஆட்களும் சேர்ந்து, ரோட்டு வளைவுக்கு மேலே ஒரு பாறையடியில் பிள்ளையை வைத்தார்கள். மண் ஈரத்தில் சரிந்துகொண்டே இருந்ததாம். அண்ணன் சரிவில் தொற்றி ஏறி நடந்தே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் போடிக்குக் குடிவந்தீர்கள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அண்ணன் அதே ஜீப்பை அதே மலையில் ஓட்டினார். நீங்கள் மலைப்பக்கம் திரும்பவே இல்லை. மலையடிவாரத்து முந்தல் வரைக்கும்கூட வரமாட்டீர்கள். மாடியில் துணி காயப்போட்டால்கூட மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பீர்கள். உங்கள் வீட்டுக்குள் வந்தால் எனக்கு மூச்சு முட்டும். சண்டை ஒன்றும் இல்லை. “சோறு வைக்கவா”, “வை”, “தண்ணி?”, “போதும்” என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். பவுனு என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. எங்கள் அம்மாவே எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள், அந்தப் பேரை அவ காதுபட எடுக்காதீக என்று. நல்லதுதான் செய்கிறோம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

கல்யாணம் முடிந்த மறுநாள் நமக்கு ஒரு முழுப் பகல் மிச்சம் இருந்தது. ரயில் இரவுக்குத்தான். “இம்புட்டுத் தூரம் வந்துட்டு கடலப் பாக்காமப் போனா போடியில சிரிப்பாக” என்று அண்ணன் சொன்னார். விடிந்ததும் பஸ்சு ஏறினோம். மலை ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு வளைக்கிற மனுசர், அந்த ஊர் ரோட்டைப் பார்த்துவிட்டு, “எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராப் போகுது. வளைவே இல்லாத ஊர்ல இவனுகளுக்கு எதுக்கு இம்புட்டு ஆரனு?” என்றார். நான் சிரித்தேன். நீங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கடல் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் அண்ணன் நமக்கு விளக்கிக்கொண்டு வந்தார், ஏதோ தினம் பார்க்கிறவர் மாதிரி. “வைகை டேம் இருக்குல்ல, அத நாலு மடங்கு பெருசா வெச்சுக்க.” மணலில் நடந்து அந்த நீலத்தை எட்டியபோது அவர் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மூன்று பேரும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஒரு மலையில் போய் முட்டி நிற்கும். பிறந்ததிலிருந்து அப்படிப் பழகிய கண். முட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் பார்வை போய்க்கொண்டே இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, உங்கள் முழங்கையைப் பிடித்தேன். நீங்கள், “இதுக்கு அங்கிட்டுக் கரை இருக்கா ஆத்தா?” என்றீர்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய பின் நீங்களாகக் கேட்ட முதல் கேள்வி அது. இருக்கும் மதினி என்றேன். இருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

அங்கிருந்து ஒரு பஸ்சைப் பிடித்துப் பாதி வழி வந்தோம். மிச்சத்துக்கு அண்ணன் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, மியூசியம் போகணும் என்றார். ரிக்‌ஷாக்காரர், “இன்னா சார், செத்த காலேஜா, உயிர் காலேஜா?” என்று கேட்டார். நமக்கு விளங்கவில்லை. மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜாம், மியூசியம் செத்த காலேஜாம். அந்த ஊர்ச் சனங்கள் அப்படித்தான் சொல்வார்களாம். செத்த என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணன் பதறிப்போய் உங்கள் முகத்தைப் பார்த்தார். “உயிர் காலேஜுக்கே விடுப்பா, புலி கரடியப் பாப்போம்” என்றார். நீங்கள்தான், “வேணாம் மாமா, புலியும் கரடியும் நம்ம மலையிலயே இருக்கு. அந்த இன்னொன்னுக்கே போவோம்” என்றீர்கள். மலை என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்ததை அண்ணனும் கவனித்தார், நானும் கவனித்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வழியில் ஒரு பாலத்து மேடு வந்தது. ரிக்‌ஷாக்காரர் எழுந்து நின்று மிதிப்பதைப் பார்த்ததும் நீங்கள் இறங்கி நடந்தீர்கள். நானும் இறங்கினேன்.

அந்தச் சிவப்புக் கட்டடம். அதைப் பார்த்ததும் நான் அரண்மனை என்று நினைத்தேன், அண்ணன் கோர்ட்டு என்று நினைத்தார். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் அந்தத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. ஓடாத பஸ்சு ஒன்றைப் பிரித்துச் சட்டத்தை மட்டும் தொங்கவிட்ட மாதிரி அவ்வளவு நீளம். அண்ணன் அடியிலிருந்து நுனி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “இது ஒண்ணு நம்ம ரோட்டுல குறுக்க படுத்துச்சுன்னா ஒரு வண்டி மேல போகாது” என்றார். நீங்கள் விலா எலும்புகளுக்குக் கீழே நின்று, “இது உள்ள நாம மூணு பேரும் குடித்தனம் பண்ணலாம்” என்றீர்கள். காலையில் பார்த்த அந்த நீலத்துக்குள் இப்படி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது என்று நினைக்க எனக்கு மயிர் கூச்செறிந்தது. கடல் அதற்குப் பிறகு இன்னும் பெரிதாகிவிட்டது.

வெண்கலச் சாமிகள் இருந்த கூடத்தில் நீங்கள் செருப்பைக் கழற்றப் போனீர்கள். எல்லாரும் செருப்போடுதான் நடக்கிறார்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு அம்மன் நின்றாள். இடுப்பு ஒடித்து, ஒரு கை பூப் பிடித்த மாதிரி உயர்ந்து, மறு கை தொங்கி. அந்தத் தொங்கும் கையின் விரல்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வெண்கலம் எப்படி அவ்வளவு சோர்வாக, அவ்வளவு மெத்தென்று தொங்கும்? மெழுகில் செய்து வெண்கலத்தை ஊற்றுவார்களாம், அட்டையில் எழுதியிருந்ததை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் அதைக் காதில் வாங்கினீர்களோ என்னவோ. “இவுகளுக்கு யாரு வெளக்குப் போடுவா? ராத்திரி பூட்டிட்டுப் போயிருவாகளா?” என்று கேட்டீர்கள். அந்தச் சாமிகள் எல்லாம் உங்களுக்கு ஊரை விட்டு வந்து தனியாக நிற்கிற ஆட்களாகத் தெரிந்திருக்கிறது.

பிறகுதான் மண்பாண்டங்கள் இருந்த அந்த அறைக்குள் போனோம். கூட்டம் இல்லை. சிலை பார்க்கிறவர்கள் பானை பார்க்க நிற்பதில்லை. அண்ணன்கூட வாசலில் ஒரு பெஞ்சைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்குள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய பானை. உடைந்த துண்டுகளை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள், ஒட்டுக்கோடுகள் தெரிந்தன. அடிப்பாகம் கூம்பாக இருந்தது. அதன் பக்கத்தில் அதே மாதிரி சின்னதாக ஒன்று.

“இது எங்க ஊருப் பானை” என்றீர்கள்.

“ஒங்க ராசிங்காபுரத்துலயா?” என்றேன்.

“எங்கப்பாரு கெணறு தோண்டயில வந்துச்சு ஆத்தா. நான் அப்பச் சின்னப்புள்ள. உள்ள தங்கம் இருக்கும்னு கடப்பாரைய வெச்சு ஒடச்சாக. எலும்பும் மண்ணும்தான் இருந்துச்சு. அப்பறம் பயந்து போயி, எல்லாத்தையும் ஓடையில கொண்டு போயிக் கொட்டிட்டு வந்து தலை முழுகுனாக. இதுல என்ன எழுதியிருக்கு, படி.”

நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமலே படித்தேன். செத்தவர்களை இந்தத் தாழிக்குள் வைத்துப் புதைப்பார்கள் என்று இருந்தது. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தியது என்று இருந்தது. பக்கத்தில் வைத்திருக்கும் கிண்ணங்களிலும் கலயங்களிலும் அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள், ஒரு கலயத்தில் நெல் உமி ஒட்டியிருந்தது என்று இருந்தது. அடுத்த வரியை நான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“சின்னத் தாழி குழந்தைக்கு உரியதாக இருக்கலாம்” என்று படித்தேன்.

“திரும்பப் படி.”

திரும்பப் படித்தேன். நீங்கள் கண்ணாடிக்குக் கிட்டே போனீர்கள். உள்ளங்கையை அதன் மேல் விரித்து வைத்தீர்கள். காவலாளி அந்தக் கடைசியிலிருந்து, கண்ணாடியத் தொடாதீங்கம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், உங்கள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்று, வந்த வழியே போய்விட்டார். நீங்கள் அழவில்லை. அவ்வளவு கவனமாக ஒரு ஆள் ஒரு பொருளைப் பார்த்து நான் பார்த்ததில்லை. தாழியின் உதட்டுக்குக் கீழே ஓடிய விரல் தடங்களை, அந்தக் குட்டிக் கலயத்தை, அதன் மூடியை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்.

“எவளோ ஒருத்தி, பசிக்கும்னு சோறு வெச்சு அனுப்பியிருக்கா” என்றீர்கள். “அது இன்னைய வரைக்கும் இருக்கு பாரு ஆத்தா. ராசா மாளிகையெல்லாம் போயிருச்சு, இந்த உமி இருக்கு.” பிறகு, “நான் எம்பிள்ளைய வெறுங்கையோட அனுப்பிட்டேன். அந்த மழையில எனக்கு ஒண்ணும் தோணல” என்றீர்கள்.

அண்ணன் எப்போது பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. நமக்குப் பின்னால் நின்றிருந்தார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார், உங்களைப் பார்த்து இல்லை.

“பவுனுக்கு நான் தெனமும் தண்ணி ஊத்துறேன்” என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டு அத்தனை வருசம் ஆகியிருந்தது. நீங்கள் திரும்பினீர்கள்.

“எங்க?”

“அந்த வளைவுலதான். வண்டிய நிறுத்துவேன். ரேடியேட்டர் சூடாயிருச்சு, தண்ணி ஊத்தணும்னு ஆளுககிட்டச் சொல்லுவேன். கேன எடுத்துட்டு எறங்கி, மேல ஏறி, பாறைக்கு அடியில கொஞ்சம் ஊத்திட்டு, மிச்சத்தக் கொண்டாந்து வண்டிக்கு ஊத்துவேன்.”

போடியில் ஜீப்பு ஏறுகிற அத்தனை பேருக்கும் தெரியும், அண்ணன் வண்டி அந்த ஒரு வளைவில் சூடாகிவிடும் என்று. மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி என் வீட்டுக்காரரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். “அது பழைய வண்டி மாப்ளே, அப்பிடித்தான்” என்று அண்ணன் சொல்லிவிடுவார்.

“அந்த எடம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க கேக்கவே இல்லையே” என்றீர்கள்.

“கங்காணிகிட்டக் கேட்டேன். அவருதான் கூட்டிட்டுப் போயிக் காமிச்சாரு.”

“எங்கிட்ட ஏன் மாமா கேக்கல?”

அண்ணன் துண்டை இன்னும் இறுக்கி முறுக்கினார். “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்குறது? நீ ஒத்தையில கெடந்து போராடுன. நான் கீழ டீக்கடையில நின்னு மழை எப்ப விடும்னு பாத்துக்கிட்டு இருந்தவன்.”

“நீங்க மறந்துட்டீகன்னு நெனச்சேன்” என்றீர்கள். “அதே ரோட்டுல வண்டி ஓட்டிட்டு வந்து, கை கழுவிட்டுச் சோறு திங்குறீகளே, இந்த மனுசனுக்கு நெஞ்சு கல்லுன்னு நெனச்சேன்.”

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஐந்தடி தள்ளி ஒரு குடும்பம், பிள்ளைகளோடு, பானைகளைப் பார்க்காமலேயே நம்மைக் கடந்து அடுத்த அறைக்குப் போனது. நீங்கள் அண்ணன் பக்கத்தில் போய் நின்றீர்கள். தொடவில்லை. நான்கு பேர் நடமாடும் இடத்தில் நம் ஊர்க்காரர்கள் தொட்டுக்கொள்வது இல்லை. தோளுக்குத் தோள் நின்று இரண்டு பேரும் அந்தச் சின்னத் தாழியைப் பார்த்தீர்கள். பிறகு, “அவளுக்கு அந்த எடத்துல வெயில் விழுகுதா?” என்று கேட்டீர்கள்.

“சாயந்தரம் விழுகும். காலையில நெழலு” என்றார் அண்ணன்.

நான் நகர்ந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அங்கே கல்வெட்டுகளோ வாள்களோ இருந்தன, ஒன்றும் கண்ணில் பதியவில்லை. கடலைப் பார்த்தபோது போலவே எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அந்தத் தாழியைச் செய்தவள். நடுவில் எத்தனை ஆயிரம் வருசம். எத்தனை அரசர்கள் வந்து போனார்கள் என்று பக்கத்து அறையில் வரிசையாக எழுதிவைத்திருந்தார்கள். அத்தனையையும் தாண்டி அவள் வைத்த ஒரு பிடி நெல் வந்து, போடியிலிருந்து போன ஒரு டிரைவரையும் அவர் பெண்சாதியையும் பேச வைத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் நம்புவார்களா?

மத்தியானம் ஒரு கடையில் சாப்பிட்டோம். நீங்கள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினீர்கள். அதற்குப் பிறகு திரும்பக் கடற்கரைக்குப் போய், கலங்கரை விளக்கத்தின் மேல் ஏற வரிசையில் நின்றோம். அது அப்போது கட்டி அதிக நாள் ஆகவில்லை. மேலே போக லிப்டு இருந்தது. நீங்கள் கீழேயே உட்கார்ந்திருப்பீர்கள் என்று நான் நினைத்தேன். மலையை விட்டு இறங்கிய பிறகு நீங்கள் எந்த உயரத்துக்கும் வந்ததில்லை. லிப்டுக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனது நீங்கள்தான். பெட்டி கிளம்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள், அது வேறு.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஊர். ஓடு போட்ட வீடுகளும் கோபுரங்களும் தென்னைகளும் ரோடுகளும் பூச்சி மாதிரி பஸ்சுகளும் கண்ணுக்கு எட்டிய வரை விரிந்து கிடந்தன. சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஊர்ப் பக்கம் நின்று பார்த்தீர்கள்.

“மெட்டுல நின்னு பாத்தா போடி இப்பிடித்தான் தெரியும்” என்றீர்கள். “அவளத் தூக்கி வெச்சுக்கிட்டுக் காட்டுவேன். அந்தா பாரு அப்பா வண்டின்னு சும்மா எதையாவது காட்டுவேன். அவளும் கைய ஆட்டுவா.”

“எனக்குத் தெரியாதே” என்றார் அண்ணன்.

“அம்புட்டுத் தூரத்துல எப்பிடித் தெரியும்?” என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் ஓடியது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டீர்கள். “ஊருக்குப் போனதும் ஒரு நா என்னைய மேல கூட்டிட்டுப் போங்க மாமா.”

அந்த வாரத்திலேயே போனோம். என்னையும் கூப்பிட்டீர்கள். போகிற வழியில் சந்தையில் நிறுத்தி ஒரு சின்ன மண்கலயமும் மூடியும் வாங்கினீர்கள். வீட்டிலிருந்து பச்சரிசியில் வெல்லம் போட்டுப் பொங்கி எடுத்து வந்திருந்தீர்கள். அண்ணன் வேறு சவாரி ஏற்றவில்லை. முந்தல் தாண்டியதும் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள் என்று பார்த்தேன். இல்லை. ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். அந்த வளைவில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். மேலே ஏறும் இடத்தில் அவர் கால் பட்டுப் பட்டுத் தடம் விழுந்து, படி மாதிரி ஆகியிருந்தது. பாறையடியில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் ஒரு முறம் அளவுக்குப் புல் பச்சென்று இருந்தது. அதைப் பார்த்ததும் நீங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நெடுநேரம் அந்தப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தீர்கள், தலையைத் தடவுகிற மாதிரி.

அண்ணன் கடப்பாரையால் பக்கத்தில் ஒரு குழி எடுத்தார். நீங்கள் கலயத்தில் சோற்றை வைத்து, மூடி போட்டு, உள்ளே இறக்கினீர்கள். சூடம், பத்தி ஒன்றும் இல்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, “என்னைக்காச்சும் யாராச்சும் தோண்டிப் பாத்தா, இந்தப் பிள்ளைக்கும் ஆளு இருந்துச்சுன்னு தெரியட்டும்” என்றீர்கள்.

கீழே ரோட்டில் ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டு வளைந்தது. பவுனுக்குப் பிடித்த சத்தம் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். மூன்று பேரும் ரோட்டை எட்டிப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து சண்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. குழம்பில் புளி போதவில்லை என்று அவர் கத்துவார். வண்டி எண்ணெய்க் கையோடு கதவைத் தொட்டதற்கு நீங்கள் கத்துவீர்கள். எங்கள் அம்மா பயந்துபோய், “என்னடி, அண்ணன் வீட்டுல இப்பிடிச் சத்தம் கேக்குது, போயிப் பாரு” என்பாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரிப்பேன். எனக்கு அந்தச் சத்தம் தேர் வருகிற சத்தம் மாதிரி இருந்தது. பிறகு உங்களுக்குப் பையன் பிறந்ததும், அவன் படித்து வேலைக்குப் போனதும் எல்லாருக்கும் தெரிந்தது. அவன் நடக்கத் தொடங்கியதும் நீங்கள் அவனை அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், “இது ஒங்கக்கா” என்று சொன்னது எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். மதுரை மகாலில் அந்தத் தூண்களைக் கட்டிப்பிடித்து அளந்து பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர்க் கோபுரத்துக்குக் கீழே கழுத்து வலிக்க நின்றிருக்கிறேன். மகன் வடக்கே கூட்டிப்போய்க் கோட்டைகளைக் காட்டினான். பெரியது எதைப் பார்த்தாலும் எனக்கு வாய் பிளக்கத்தான் செய்கிறது, அந்தப் புத்தி மாறவில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் மட்டும் நான் மற்றவர்களைவிட அதிக நேரம் நிற்கிறேன். ஒரு வளையல், ஒரு சீப்பு, ஒரு மண்பொம்மை. அரசர் பெயர் எழுதியிருக்கும், அதன் சொந்தக்காரியின் பெயர் எழுதியிருக்காது. அம்மா வெரசா வா என்று மகன் கூப்பிடுவான். உன் பேர் என்ன தாயி என்று மனசுக்குள் கேட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான் மதினி. துக்க வீட்டுக்குப் போனாலும் இப்போது நான் அதையே செய்கிறேன். போன மாதம் எங்கள் தெருக் கடைசியில், புதிதாகக் குடிவந்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் பிறந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளை தவறிவிட்டது. பெண்களெல்லாம் போய் உட்கார்ந்து மழையைப் பற்றியும் ஏலக்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். நல்ல மனசோடுதான் பேசினார்கள், நாங்கள் உங்களுக்குச் செய்ததைப் போலவே. அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் எழுந்து போன பிறகு நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “பிள்ளைக்கு என்ன பேரும்மா வெச்சிருந்த?” என்று கேட்டேன்.

அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். நான் கேட்டது சரிதானா என்று எனக்கே பயம் வந்துவிட்டது. பிறகு பிள்ளையின் பெயரைச் சொன்னாள். சொன்னவள் நிறுத்தவில்லை. கண் யாரை மாதிரி இருந்தது, பால் குடிக்கும்போது எந்தக் காலை ஆட்டுவான், எந்தச் சத்தத்துக்குத் திரும்புவான் என்று விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.